டர்பன் வீடுகளில் இரண்டாவது டிரைவ் எதற்காக இருந்தது

2009 செப்டம்பரில் ஒரு புறா தென்னாப்பிரிக்காவின் இணைய இணைப்பை முந்தியது. பீட்டர்மாரிட்ஸ்பர்க் பக்கமிருந்து டர்பன் பக்கம் வரை ஏறக்குறைய 80 கிலோமீட்டர். காலில் கட்டியிருந்தது 4 ஜிபி மெமரி கார்டு. வின்ஸ்டன் என்று பெயர் வைத்திருந்த அந்தப் புறா 1 மணி 8 நிமிடத்தில் வந்து சேர்ந்தது. கார்டில் இருந்ததைக் கணினிக்கு மாற்றிய நேரத்தையும் சேர்த்தால் 2 மணி 7 நிமிடம். அதே தரவை ஏடிஎஸ்எல் என்ற, தொலைபேசிக் கம்பியில் வரும் இணைய இணைப்பு வழியாகவும் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அந்த நேரத்துக்குள் அதில் வந்து சேர்ந்தது 4 சதவீதம்தான்.

வெளிநாட்டுப் பத்திரிகைகளுக்கு அது வேடிக்கைச் செய்தி. டர்பனில் இந்திய வம்சாவளியினர் வாழும் சாட்ஸ்வர்த்திலும் ஃபீனிக்ஸிலும் கணினி வைத்திருந்த வீடுகளுக்கு அது பழகிப்போன கணக்கு. 4 ஜிபி என்றால் கிட்டத்தட்ட ஒரு டிவிடி. 2002இல் இங்கே ஏடிஎஸ்எல் வந்தபோது வீட்டு இணைப்புக்கு மாதம் 3 ஜிபி என்று வரம்பு வைத்தார்கள். ஒரு தமிழ்ப் படத்தின் டிவிடி ஒற்றை அடுக்கு என்றால் 4.7 ஜிபி வரை, இரட்டை அடுக்கு என்றால் 8.5 ஜிபி வரை இருக்கும். மாதம் முழுவதும் வேறு எதற்கும் இணையத்தைத் தொடாமல் இருந்தாலும் ஒரு முழுப் படத்தை அப்படியே இறக்க முடியாது. அதனால் படம் பெட்டியில் வந்தது. சென்னைக்குப் போய்வந்தவர், கோலாலம்பூரில் சம்பந்தம் செய்தவர், லண்டனில் மகனை வைத்திருப்பவர் என யாராவது ஒருவர் கொண்டுவருவார். அப்புறம் அது வீடு வீடாகப் பரவியது, தகடு போடும் டிரைவ் இரண்டு உள்ள கணினி வழியாக. மேலே படிக்கும் டிரைவ், கீழே எழுதும் டிரைவ். ஒன்றில் படம், மற்றதில் வெற்றுத் தகடு.

அந்த இரண்டு டிரைவுக்கும் நடுவே என்ன நடந்தது என்பதைத்தான் இங்கே விளக்கப் போகிறேன். பழைய கதையாக மட்டும் இதைச் சொல்லவில்லை. அந்தக் காலத்தில் எழுதிய தகடுகள் இன்னும் நம் அலமாரிகளில் இருக்கின்றன. அவற்றில் சிலவற்றுக்கு உலகத்தில் வேறு பிரதி கிடையாது. எல்லாரும் வேகத்துக்காகத்தான் இரண்டாவது டிரைவை வாங்கினார்கள். அதன் உண்மையான பயன் வேறு இடத்தில் இருந்தது.

படத்துக்காக இவ்வளவு பாடு எதற்கு என்று கேட்பவர்களுக்குக் கொஞ்சம் பின்னணி. 1860 நவம்பரில் மதராஸிலிருந்து ட்ரூரோ கப்பலில் வந்து இறங்கிய ஒப்பந்தக் கூலிகளின் வழிவந்தவர்கள் நாம். இனப்பாகுபாட்டைக் கண்டித்து இந்தியா 1946இல் தென்னாப்பிரிக்காவோடு வணிகத்தை நிறுத்தியது. அது சரியான முடிவு, பெருமைப்பட வேண்டிய முடிவு. ஆனால் இந்தியாவிலிருந்து நேராக ஒரு புடவையோ புத்தகமோ படப்பெட்டியோ வர வழியில்லாமல் போனது. இருந்தாலும் படங்கள் சுற்றுவழியில் வந்துகொண்டுதான் இருந்தன. டர்பனின் கிரே ஸ்ட்ரீட் வட்டாரத்தில் அவலான், ஷாஜெஹான் போன்ற திரையரங்குகள் அவற்றை ஓட்டின. தொலைக்காட்சியே இந்த நாட்டில் 1976இல்தான் முறையாகத் தொடங்கியது. பிறகு வீடியோ கேசட் வந்து, திரையரங்கில் இருந்த கூட்டத்தை வரவேற்பறைக்கு இழுத்துக்கொண்டது. 1993இல் தடை நீங்கி, இரண்டு நாடுகளும் மீண்டும் தூதரக உறவு வைத்துக்கொண்டன. விசிடி என்ற வீடியோ குறுந்தகட்டின் தரவரையறை வெளியானதும் அதே 1993இல்தான். கதவு திறந்த வருடமும் தகடு பிறந்த வருடமும் ஒன்றாக அமைந்துவிட்டன.

விசிடியிலிருந்தே தொடங்கலாம், ஏனென்றால் வீட்டில் நகலெடுக்கும் பழக்கம் அதில்தான் ஊறியது. அதில் பூட்டு எதுவும் இல்லை. வீடியோ எம்பெக்-1 முறையில் சுருக்கப்பட்டு, பிஏஎல் என்ற டிவி முறையில் 352க்கு 288 புள்ளிகள் என்ற அளவில் இருக்கும். ஒரு தகட்டில் 74 முதல் 80 நிமிடம். இரண்டரை மணி நேரத் தமிழ்ப் படம் இரண்டு தகடு பிடிக்கும், நீளமான படமென்றால் மூன்று. இடைவேளைக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று பிரிந்து வந்ததால், முதல் தகடு ஒரு வீட்டிலும் இரண்டாவது தகடு இன்னொரு வீட்டிலும் தங்கிவிட்ட கதை ஏராளம்.

பூட்டு இல்லை என்பதால் விசிடியை நகலெடுப்பது எளிது என்று எல்லாரும் நினைத்தார்கள். அதில் இரண்டு சிக்கல் இருந்தது. தகட்டைக் கணினியில் போட்டால் .dat என்று முடியும் பெரிய கோப்பு ஒன்று தெரியும். அதை இழுத்து வன்தட்டில் போட்டு, சாதாரணத் தரவுத் தகடாக எழுதினால், கணினியில் ஓடும். டிவிக்குப் பக்கத்தில் இருக்கும் பல விசிடி பிளேயர்கள் அதைத் திரும்பிக்கூடப் பார்க்காது. பிளேயர் தேடுவது கோப்பை அல்ல, குறிப்பிட்ட முறையில் அமைந்த தடங்களை. அதனால் கோப்பாக இல்லாமல் தகடாகவே நகலெடுக்க வேண்டும்.

இரண்டாவது சிக்கல் ஆழமானது. சாதாரணத் தரவுக் குறுந்தகட்டில் செக்டர் எனப்படும் ஒவ்வொரு பகுதியிலும் 2048 பைட் தரவு இருக்கும், அதைக் காப்பாற்றக் கூடுதலாக 276 பைட் பிழைதிருத்தக் குறியீடும் இருக்கும். விசிடியில் படம் இருக்கும் பகுதிகளில் அந்தக் கூடுதல் காவல் இல்லை. அந்த இடத்தையும் படத்துக்கே கொடுத்து, ஒரு பகுதிக்கு 2324 பைட் என்று நிரப்பினார்கள். ஒரு சாதாரணக் குறுந்தகட்டில் 80 நிமிடப் படம் அடங்கியது இதனால்தான். ஒரு கட்டம் உடைந்து தெரிந்தால் கண் மன்னித்துவிடும் என்பது அவர்கள் கணக்கு. பார்ப்பதற்கு அது சரி. நகலெடுப்பதற்குச் சரியில்லை. கீறல் விழுந்த விசிடியிலிருந்து எடுத்த நகலில் அந்தக் கீறல் தந்த பிழை படத்தின் பகுதியாகவே பதிந்துவிடும். அதிலிருந்து எடுத்த அடுத்த நகலில், அந்தத் தகட்டின் சொந்தக் கீறலும் சேர்ந்துகொள்ளும். கேசட்டில் நகலுக்கு நகல் நிறம் மங்கும், டிஜிட்டலில் அப்படி இல்லை என்று கடைக்காரர்கள் சொன்னது பாதி உண்மைதான். நாலு வீடு தாண்டி வந்த விசிடியில் ஒரு பாட்டின் நடுவே படம் உறைந்து நிற்பதைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும்.

இப்போது இரண்டு டிரைவ் விஷயம். ஒன்றில் படித்துக்கொண்டே மற்றதில் எழுதுவதை நேரடி நகல் என்பார்கள். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் எழுதும் லேசர் ஒருமுறை தொடங்கிவிட்டால் தகட்டின் உள்வட்டத்திலிருந்து வெளிவட்டம் வரை, கை எடுக்காமல் போடும் கம்பிக் கோலம் போல, ஒரே இழையாகப் போக வேண்டும். எழுதத் தரவு வந்துகொண்டே இருக்க வேண்டும். டிரைவுக்குள் ஒரு சிறிய இடைநினைவகம் உண்டு. அது காலியான கணத்தில் பழைய டிரைவ்களில் இழை அறுந்து தகடு வீணானது. 2000இல் சான்யோ ஒரு தீர்வு கொண்டுவந்தது. தரவு வராவிட்டால் லேசர் நின்று, அந்த இடத்தை நினைவில் வைத்து, தரவு வந்ததும் அங்கிருந்தே தொடரும். அதன்பின் வந்த டிரைவ்களில் இந்தச் சேதம் வெகுவாகக் குறைந்தது. ஆனால் நம் வீடுகளில் பழைய டிரைவ்கள் வெகுநாள் உழைத்தன.

தரவு ஏன் நின்றுபோகும்? கணினிப் பெட்டியைத் திறந்தால் அகலமான சாம்பல் நிறப் பட்டை ஒயர் ஒன்று இருக்கும். அதில் இரண்டு டிரைவ்களைக் கோர்க்கலாம், ஒன்று மாஸ்டர், மற்றது ஸ்லேவ். பின்பக்கத்துச் சின்ன ஜம்பரை மாற்றி வைத்து இதைத் தீர்மானிப்போம். ஆனால் ஒரு ஒயரில் ஒரு நேரத்தில் ஒரு டிரைவ்தான் பேச முடியும். படிக்கும் டிரைவும் எழுதும் டிரைவும் ஒரே ஒயரில் இருந்தால், இரண்டும் மாறி மாறிக் காத்திருக்க வேண்டும். பெட்டியை அசெம்பிள் செய்து கொடுத்தவர்கள் பெரும்பாலும் ஒயரை மிச்சப்படுத்த இப்படித்தான் கோர்த்தார்கள்.

இதோடு விண்டோஸ் எக்ஸ்பியின் ஒரு குணமும் சேர்ந்துகொண்டது. ஒரு டிரைவிலிருந்து வரும் தரவில் நேரத் தாமதமோ பரிமாற்றப் பிழையோ மொத்தம் ஆறு முறை நேர்ந்தால், அந்த டிரைவை வேகமான டிஎம்ஏ முறையிலிருந்து ஒரு படி கீழே இறக்கிவிடும். இப்படியே இறங்கி இறங்கிக் கடைசியில் பிஐஓ என்ற மெதுவான முறைக்கு வந்துவிடும். திரும்ப ஏற்றிவிடாது. கீறல் விழுந்த தகட்டைப் படிக்கத் திணறிய டிரைவுக்கு இது நடக்கும். அதன்பின் நல்ல தகட்டைப் போட்டாலும் வேகம் வராது. பர்னர், அதாவது எழுதும் டிரைவ், கெட்டுப்போச்சு என்று புதியது வாங்கிய வீடுகள் உண்டு. கோளாறு டிரைவில் இல்லை. சாதன மேலாளரில் அந்த ஒயருக்கான பதிவை நீக்கிக் கணினியை மறுபடி தொடங்கினால் பழைய வேகம் வந்துவிடும்.

அப்புறம் மின்சாரம். 2008 ஜனவரியில் லோட் ஷெட்டிங் என்ற முறைவைத்த மின்வெட்டு நாட்டையே உலுக்கியது நினைவிருக்கும். எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் மேலே சொன்ன எந்தத் தொழில்நுட்பமும் காப்பாற்றாது. அந்தத் தகடு போனதுதான். படித்துக்கொண்டிருக்கும்போது போனால் ஒன்றும் ஆகாது, திரும்பப் படிக்கலாம். ஆகவே விவரம் தெரிந்தவர்கள் இரண்டு டிரைவ் இருந்தும் நேரடி நகலை விட்டுவிட்டார்கள். முதலில் முழுத் தகட்டையும் அப்படியே படிமக் கோப்பாக வன்தட்டுக்குக் கொண்டுவருவது. பிறகு அதிலிருந்து நிதானமான வேகத்தில் எழுதுவது. எழுதி முடித்த தகட்டை எழுதிய டிரைவிலேயே போட்டுப் பார்க்காமல், மற்ற டிரைவில் போட்டு, கடைசி வரை படிக்கிறதா என்று பார்ப்பது.

இந்தக் கடைசி வேலைதான் இரண்டாவது டிரைவ் வந்ததற்கான நல்ல காரணம். எழுதிய டிரைவ் தன் கையெழுத்தைத் தானே படித்துவிடும். லேசரின் கோணம், சுழற்சியின் நுண்ணிய பிசகு எல்லாம் அதனுடையதே என்பதால் அதற்குக் குறை தெரியாது. வேறொரு டிரைவ் படித்தால்தான் வேறொரு வீட்டுப் பிளேயரும் படிக்கும் என்று நம்பலாம். வெளிவட்டத்தில் உள்ள கடைசி அரைமணி நேரத்தைக் கட்டாயம் பார்க்க வேண்டும். கோளாறு பெரும்பாலும் அங்கேதான் இருக்கும், கிளைமாக்ஸும் அங்கேதான் இருக்கும்.

டிவிடி வந்தபோது பூட்டும் வந்தது. சிஎஸ்எஸ் என்ற அந்த மறையாக்க முறை 1996இல் அறிமுகமானது. ஒரு பூட்டிய தகட்டை பைட்டுக்குப் பைட் அப்படியே நகலெடுத்தாலும் நகல் ஓடாது. இது பலருக்குப் புதிராக இருந்தது. தகட்டுக்கான சாவி, படம் இருக்கும் பகுதியில் இருப்பதில்லை. தகட்டின் தொடக்கத்தில், பார்வைக்கு வராத உள்வளையத்தில் இருக்கிறது. கடையில் விற்கும் வெற்று டிவிடிகளில் அந்த வளையத்தின் குறிப்பிட்ட இடம் தொழிற்சாலையிலேயே நிரப்பப்பட்டிருக்கும். வீட்டுப் பர்னரால் அங்கே எழுத முடியாது. அப்படியானால் நகலில் பூட்டிய படம் இருக்கும், சாவி இருக்காது. அந்தப் பூட்டின் சாவி நீளம் வெறும் 40 பிட். 1999 அக்டோபரில் அதைத் திறக்கும் நிரல் இணையத்தில் வெளியானது. அதற்காக நார்வேயில் வழக்குக்கு ஆளான இளைஞர் யோன் லெக் யோஹான்சென் 2003இல் விடுதலை ஆனார்.

பூட்டைவிட நமக்கு அதிகத் தலைவலி கொடுத்தது மண்டல எண். உலகத்தை ஆறு பங்காகப் பிரித்து டிவிடிகளுக்கு எண் வைத்தார்கள். ஒரு எண் போட்ட தகடு அதே எண் உள்ள பிளேயரில்தான் ஓடும். ஆப்பிரிக்காவின் பெரும்பகுதியும் இந்தியாவும் 5ஆம் மண்டலம். தென்னாப்பிரிக்காவை ஐரோப்பாவோடு சேர்த்து 2இல் வைத்தார்கள். சிங்கப்பூரும் மலேசியாவும் 3. பல தமிழ் டிவிடிகள் எந்த மண்டலத்திலும் ஓடும்படி வந்தன. ஆனால் எல்லாம் அப்படி இல்லை. 2000இலிருந்து வந்த கணினி டிரைவ்களில் மண்டலத்தை ஐந்து முறைதான் மாற்றலாம். ஐந்தாவது முறை எதை வைத்தோமோ அதுவே நிரந்தரம். இங்கேயும் இரண்டு டிரைவ் கைகொடுத்தது. ஒன்றை 2இலும் மற்றதை 5இலும் வைத்துவிட்டால், காசு கொடுத்து வாங்கிய இரண்டு வகைத் தகட்டையும் எண்ணிக்கை குறையாமல் பார்க்கலாம். சிறு தந்திரம்தான், ஆனால் முழுக்க நியாயமானது. உறவுக்காரர் சென்னையில் கடையில் வாங்கிய அசல் தகடு டர்பனில் ஓடாது என்று சொன்ன அமைப்பைவிட எவ்வளவோ நியாயமானது.

இனி, எனக்கு இந்த விஷயத்தில் மிகவும் முக்கியமாகத் தோன்றும் இடத்துக்கு வருகிறேன். கடையில் கிடைத்த வெற்று டிவிடி 4.7 ஜிபி. கணினி அதை 4.38 என்று காட்டும், காரணம் ஒரு ஜிபிக்கு எத்தனை பைட் என்பதில் கணினிக்கு வேறு கணக்கு. அசல் தகடோ பல நேரம் இரட்டை அடுக்கு, 8.5 ஜிபி வரை. ஒரே பக்கத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு அடுக்கு இருக்கும் அந்த வகையின் வெற்றுத் தகடு 2004இல் வந்தது, ஆனால் விலை எட்டாத உயரம். எனவே படத்தைச் சுருக்கினார்கள். டிவிடி ஷ்ரிங்க் என்ற இலவச மென்பொருள் அந்தக் காலத்தில் பல வீடுகளில் இருந்தது. அது படத்தை முழுதாகப் பிரித்துத் திரும்பச் சுருக்குவதில்லை. எம்பெக்-2 தரவில் நுணுக்க விவரங்களை மட்டும் வெட்டி எடையைக் குறைக்கும். வேகமான வேலை. மழைக் காட்சியிலும் கூட்ட நடனத்திலும் கட்டம் கட்டமாகத் தெரிந்தால் அது அந்த வெட்டின் தடம்.

சுருக்கும்போது மென்பொருள் ஒரு பட்டியல் காட்டும்: எந்த ஒலித்தடம் வேண்டும், எந்தச் சப்டைட்டில் வேண்டும், மெனு வேண்டுமா. இடம் மிச்சமாகட்டும் என்று பலர் கண்ணை மூடிக்கொண்டு சப்டைட்டிலை எடுத்துவிட்டார்கள். டர்பனைப் பொறுத்தவரை இதைவிடத் தவறான வெட்டு கிடையாது.

இந்த நாட்டின் 1996 அரசியலமைப்பு, மதித்து வளர்க்க வேண்டிய மொழிகளில் தமிழையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. வீட்டுக்குள் நிலைமை வேறு. ஆயாவுக்கும் தாத்தாவுக்கும் தமிழ் இருந்தது. அவர்கள் பிள்ளைகளுக்குக் காது மட்டும் பழகியிருந்தது. பேரப்பிள்ளைகள் ஆங்கில எழுத்தைப் படித்துத்தான் தமிழ்ப் படம் பார்த்தார்கள். சனிக்கிழமை இரவு ஒரே சோஃபாவில் மூன்று தலைமுறை உட்கார்ந்து ஒரே படத்தைப் பார்க்க முடிந்தது என்றால், திரையின் அடியில் ஓடிய அந்த இரண்டு வரிதான் காரணம். அந்த வரியைப் படித்துக்கொண்டே வசனத்தைக் கேட்டுக் கேட்டுச் சொற்களைப் பிடித்துக்கொண்ட பிள்ளைகளை எனக்குத் தெரியும். வேறெந்த வகுப்பும் அவர்களுக்கு வாய்க்கவில்லை. எழுத்து போன நகலில் அந்தக் குடும்பம் இரண்டாகப் பிரிந்தது. ஆயா படம் பார்த்தார், பிள்ளைகள் எழுந்து போனார்கள்.

இத்தனைக்கும் சப்டைட்டிலை எடுத்ததில் மிச்சமான இடம் ஒன்றுமே இல்லை. டிவிடியில் சப்டைட்டில் என்பது எழுத்தாக இல்லாமல், நாலே நிறம் கொண்ட சின்னச் சின்னப் படங்களாக இருக்கும். ஒரு முழுப் படத்துக்கும் சேர்த்துச் சில மெகாபைட்தான். தகட்டில் 32 சப்டைட்டில் தடம் வரை வைக்க இடம் தந்தார்கள் என்றால் அது அவ்வளவு லேசானது என்பதால்தான். எடை இருப்பது ஒலியில். இரண்டரை மணி நேரப் படத்தில் விநாடிக்கு 448 கிலோபிட் வேகத்தில் ஓடும் டால்பி 5.1 தடம் சுமார் 500 எம்பி பிடிக்கும். 768 கிலோபிட் டிடிஎஸ் தடம் சுமார் 860 எம்பி. தமிழ் டிவிடி உறைகளில் டிடிஎஸ் என்று பெரிய எழுத்தில் போட்டு விற்ற காலம் அது. ஆனால் நகல் ஓடப்போகும் வீட்டில் இருந்ததோ டிவியின் இரண்டு ஸ்பீக்கர். டிடிஎஸ் தடத்தை எடுத்துவிட்டுச் சப்டைட்டிலை வைத்திருந்தால் படமும் தெளிவாக இருந்திருக்கும், பிள்ளைகளும் உட்கார்ந்திருப்பார்கள். மென்பொருளின் பட்டியலில் இரண்டுக்கும் ஒரே அளவு கட்டம் போட்டுக் காட்டியதால் இரண்டும் ஒரே எடை என்று நம்பிவிட்டோம்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். தென்னாப்பிரிக்காவின் பதிப்புரிமைச் சட்டம் 1978ஆம் ஆண்டின் 98ஆம் எண் சட்டம். சொந்தப் பயன்பாட்டுக்கு நியாயமான அளவில் நகலெடுத்துக்கொள்ள அது தரும் சலுகை எழுத்துப் படைப்புக்கும் இசைப் படைப்புக்கும் உண்டு. திரைப்படத்துக்கு அந்தச் சலுகை நீட்டப்படவில்லை. தகட்டின் பூட்டை உடைப்பது அந்தக் காலத்தில் 2002ஆம் ஆண்டின் மின்னணுத் தொடர்பு, பரிவர்த்தனைச் சட்டத்தில் 86ஆம் பிரிவின்கீழ் வந்தது. விற்பதற்காக நகலெடுத்தால் 1997இன் போலிப் பொருள் சட்டமும் சேர்ந்துகொள்ளும். ஆகவே, வீட்டுக்குள் தானே என்ற சமாதானம் சட்டத்தில் நிற்காது.

சட்டத்தை விடுங்கள், நம் தெருவிலேயே அதன் விலை தெரிந்தது. முறையாகக் காசு கொடுத்துத் தகடு வரவழைத்து வாடகைக்கு விட்ட சிறு கடைகள் நம்மவர்களுடையவை. ஒரு படத்தை ஒரே ஒருவர் வாடகைக்கு எடுத்து, இருபது வீட்டுக்கு நகல் போனால் அந்தக் கடை எத்தனை நாள் தாங்கும்? கிடைக்காத படத்தை உறவுக்காரருக்குக் கொடுத்ததற்கும், பக்கத்துக் கடையில் இருக்கும் படத்தைத் தெருவுக்கே எழுதிக் கொடுத்ததற்கும் வித்தியாசம் உண்டு. சட்டம் அந்த வித்தியாசத்தைப் பார்ப்பதில்லை, நாமாவது பார்த்திருக்க வேண்டும்.

படங்களைப் பற்றி இன்று யாரும் கவலைப்பட வேண்டியதில்லை. 2009 ஜூலையில் சீகாம் கடலடிக் கேபிள் நம் குவாசூலு-நட்டால் கரையிலேயே, முட்டுன்சினியில் வந்து ஏறியது. அதன்பின் இணையம் மெல்ல மெல்ல விலை இறங்கியது, வரம்பும் தளர்ந்தது. அந்தப் படங்களில் பெரும்பாலானவற்றை இப்போது முறையான வழியிலேயே சப்டைட்டிலோடு பார்க்கலாம். எந்த இணையத்திலும் கிடைக்காதவை வேறு. அதே பர்னரில் எழுதிய கல்யாணத் தகடு, தைப்பூசக் காவடி, இசிப்பிங்கோ மாரியம்மன் கோயிலில் புனித வெள்ளித் திருவிழா, ஒரு தெருக்கூத்துக் குழுவின் கடைசி ஆட்டம். கேசட்டிலிருந்து தகட்டுக்கு மாற்றிய கையோடு கேசட்டைத் தூக்கிப் போட்டவர்கள் நிறைய. இப்போது அந்தத் தகடுதான் அசல்.

கடையில் வாங்கிய படத் தகடும் வீட்டில் எழுதிய தகடும் பார்க்க ஒன்றுபோல் இருந்தாலும் உள்ளே வேறு. கடைத் தகட்டில் குழிகள் பிளாஸ்டிக்கிலேயே அச்சாகி இருக்கும். வீட்டுத் தகட்டில் ஒரு கரிமச் சாய அடுக்கை லேசர் சுட்டுக் கருக்கிய புள்ளிகள்தான் இருக்கும். சாயம் வெளிச்சத்தில் மாறும், வெப்பத்தில் மாறும். டர்பனின் கோடை ஈரத்தைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. டிவிடி என்பது 0.6 மில்லிமீட்டர் தடிப்புள்ள இரண்டு தட்டை ஒட்டியது. ஓரத்தில் ஒட்டு விட்டுப்போனால் ஈரம் உள்ளே இறங்கும். மேலே அழகாக ஒட்டிய காகித லேபிள் சுருங்கித் தகட்டை வளைக்கும். குறுந்தகட்டுக்கு இன்னொரு பலவீனம் உண்டு. அதன் தரவு அடுக்கு லேபிள் பக்கத்து மெல்லிய பூச்சுக்கு அடியிலேயே இருக்கிறது. பளபளக்கும் பக்கத்தில் விழுந்த கீறலைத் தேய்த்துச் சரிசெய்யலாம், பெயர் எழுதும் பக்கத்தில் ஆழமாகக் கீறினால் அந்த இடம் போய்விடும்.

இங்கேதான் பழைய இரண்டு டிரைவ் மறுபடி வேலைக்கு வருகிறது, இரண்டுமே படிப்பதற்காக. ஒரு டிரைவ் படிக்க முடியாத இடத்தை வேறு நிறுவனத்து டிரைவ் பல நேரம் படித்துவிடும். லேசரின் கூர்மையும் பிழை திருத்தும் பொறுமையும் டிரைவுக்கு டிரைவ் மாறும். டிடிரெஸ்க்யூ என்ற இலவச மென்பொருள் இதற்கென்றே பிறந்தது போன்றது. முதல் சுற்றில் நன்றாக உள்ள பகுதிகளை மட்டும் வேகமாக எடுத்துக்கொண்டு, முரண்டு பிடிக்கும் இடங்களை ஒரு வரைபடக் கோப்பில் குறித்துவைக்கும். பிறகு அந்த இடங்களுக்கு மட்டும் திரும்ப வரும். தகட்டை எடுத்து இரண்டாவது டிரைவில் போட்டு, அதே வரைபடக் கோப்பைக் காட்டினால், முதல் டிரைவ் விட்ட ஓட்டைகளை மட்டும் இது அடைக்கப் பார்க்கும். டிவிடியில் பிழைதிருத்தம் 16 பகுதிகளை ஒரு கட்டாகச் சேர்த்து வேலை செய்கிறது. அதாவது, மீளாத ஒரு இடம் 32 கேபியை எடுத்துக்கொண்டு போகும். படத்தில் அது கண்ணிமைக்கும் நேரம். தாலி கட்டும் கணம் அதற்குள் இல்லாதவரை யாருக்கும் தெரியப்போவதில்லை. விசிடிக்கு மட்டும் இந்த வழி நேராகப் பொருந்தாது, அதன் பகுதி அளவு வேறு என்பதால் தகட்டை மூல வடிவிலேயே படிக்கும் மென்பொருள் வேண்டும்.

எடுத்த படிமத்தைச் சுருக்க வேண்டாம். 4.7 ஜிபி இன்று ஒரு பொருட்டே இல்லை. ஒரு வெளி வன்தட்டில் ஒன்று, வேறு ஊரில் இருக்கும் அக்கா வீட்டு வன்தட்டில் ஒன்று என இரண்டு இடத்தில் இருக்கட்டும். கோப்பின் பெயரிலேயே யார் வீட்டுக் கல்யாணம், எந்தக் கோயில், எந்த வருடம் என்று எழுதிவிடுங்கள். தகட்டின்மேல் வெறுமனே வீடியோ 2 என்று எழுதிவைத்த பெரியப்பாவிடம் இன்றைக்கு கேட்டால் அவரே விழிக்கிறார்.

கவனமாகக் கையாள வேண்டிய ஒரு வகை உண்டு. 2000களில் வந்த சில கேமராக்கள் 8 சென்டிமீட்டர் குட்டி டிவிடியில் நேரடியாகப் பதிவு செய்தன. அதில் 1.4 ஜிபி, சாதாரணத் தரத்தில் அரைமணி நேரம். பதிவு முடிந்ததும் கேமராவிலேயே இறுதிசெய் என்ற கட்டளையைக் கொடுக்க வேண்டும். கொடுக்காமல் விட்ட தகட்டைக் கணினியில் போட்டால் காலி என்று காட்டும், புதிதாக எழுதட்டுமா என்றும் கேட்கும். அது காலி இல்லை. பதிவு உள்ளே இருக்கிறது, பொருளடக்கம் மட்டும் எழுதப்படவில்லை. அந்தக் கேமரா இன்னும் இருந்தால் அதிலேயே இறுதிசெய்யுங்கள். கேமரா போய்விட்டால், இறுதிசெய்யாத தகட்டிலிருந்தும் வீடியோவை மீட்கும் மென்பொருள்கள் உண்டு. அதற்கு அந்தத் தகட்டை எழுதும் டிரைவிலேயே போடுங்கள், படிக்க மட்டும் தெரிந்த டிரைவ் இறுதிசெய்யாத தகட்டைப் பெரும்பாலும் படிக்காது; எழுதட்டுமா என்று கணினி கேட்டால் மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அந்த டிரைவும் தட்டு வெளியே நீளும் வகையாக இருக்க வேண்டும். தகட்டை உறிஞ்சி இழுக்கும் மடிக்கணினி டிரைவில் இந்தக் குட்டித் தகடு சிக்கிக்கொள்ளும்.